சாரல் காலத்தில் ஒரு யோகா முகாம்

ஆனி பிறந்து மேற்கே மலை கறுத்ததும் குற்றாலத்துக்கு அழைப்புகள் வரத் தொடங்கும். அறை வாடகை விளம்பரங்களோடு இப்போது இன்னொரு வகையும் வாட்ஸ்அப்பில் வலம் வருகிறது: மூன்று நாள் யோகா முகாம், தம்பதியர் தியானம், மன அழுத்தத்துக்கு விடை சொல்லும் பயிலரங்கு. படத்தில் அருவி இருக்கும், அதன் முன்னே ஒருவர் பத்மாசனத்தில் இருப்பார். போகலாமா, போனால் எதைப் பார்த்துப் போவது, கூட்டிப்போகிறவர்களோடு அங்கே எப்படி இருப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் இடுப்புவலி தீராது. மாமியார் மருமகள் மனத்தாங்கலும் தீராது. வீட்டில் தினமும் அரை மணி நேரம் என்ன செய்வது என்ற தெளிவு கிடைத்தால் அந்த முகாம் வெற்றி. 1979-இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியை உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். அதற்கு எட்டு வாரம் பிடிக்கும். வாரம் ஒரு வகுப்பு, இடையில் ஒரே ஒரு முழுநாள் மௌனப் பயிற்சி, மற்ற நாளெல்லாம் வீட்டில் தனியாகச் செய்ய வேண்டியது. நம் ஊர் விளம்பரங்கள் அந்த ஒரு நாளை மட்டும் விற்கின்றன. மீதி ஏழெட்டு வாரத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு.

எந்த மாதம்?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டும்போது தூவுகிற சாரலுக்கு ஈடு கிடையாது, மறுக்கவில்லை. ஆனால் சனி, ஞாயிறுகளில் ஊர் திணறும், வாடகை ஏறும், பேரருவிக்குப் போகவே வரிசையில் நிற்க வேண்டும். சீசனில்தான் வருவேன் என்றால் திங்கள் முதல் வியாழன் வரை வாருங்கள். தங்குவதற்கு இலஞ்சி, மேலகரம், இல்லையென்றால் தென்காசி ஊருக்குள்ளேயே பாருங்கள். அருவிக்கு ஆட்டோவில் போய்விடலாம், இரவில் தூக்கமாவது கிடைக்கும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் செங்கோட்டை வழியாகப் போகும்போதும் வரும்போதும் குற்றாலத்தில் குளிக்க இறங்குவார்கள். அப்போதும் அமைதியை எதிர்பார்க்காதீர்கள்.

முதல்முறை யோகா கற்க வருகிறவருக்கு நான் சொல்வது பிப்ரவரி. அருவியில் தண்ணீர் குறைந்திருக்கும். ஆனால் தரை காய்ந்திருக்கும், அறை மலிவாகக் கிடைக்கும், சொல்லிக்கொடுப்பவருக்கும் அவசரம் இருக்காது. யோகாவுக்கு அருவி தேவையில்லை. அருவிதான் முக்கியம் என்றால் குளித்துவிட்டுப் போங்கள், அதற்கு முகாம் கட்டணம் எதற்கு?

சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் பொதிகை எக்ஸ்பிரஸ் மறுநாள் காலையில் தென்காசியில் இறக்கிவிடும். அன்று காலையே ஆசன வகுப்பு வைத்திருக்கும் முகாமாக இருந்தால் அந்த வகுப்பை விட்டுவிடுங்கள். இரவெல்லாம் பெர்த்தில் மடங்கிக் கிடந்த முதுகை இறங்கியவுடன் வளைக்கக் கூடாது. காசி விசுவநாதர் கோயில் வரை நடந்து, கோபுர வாசல் காற்றில் கொஞ்சம் நின்று, இட்லி சாப்பிட்டுவிட்டு அறைக்கு வாருங்கள். முதல் நாளுக்கு அது போதும்.

யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

யோகாவை இமயமலைச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. ரிஷிகேசத்தில் 1936-இல் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவிய சுவாமி சிவானந்தர் பிறந்தது இதே தாமிரபரணிச் சீமையில், பத்தமடையில், 1887-இல். மலேயாவில் மருத்துவராக வேலை பார்த்துவிட்டுத்தான் துறவியானார். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் வகுத்த முறையை அவர் வழி ஆசிரமங்கள் இன்றும் நடத்துகின்றன. மதுரைக்குப் பக்கத்திலும், கேரளத்தில் நெய்யாறு அணைக்கரையிலும் அப்படிப்பட்ட ஆசிரமங்கள் உண்டு. அங்கே ஒரு நாளைக்கு இரண்டு ஆசன வகுப்பு, இரண்டு வேளை சாப்பாடு, காலையும் மாலையும் தியானம். கண்டிப்பான கால அட்டவணை. சாதாரண முகாம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். பத்தமடைக்கு இன்னொரு பெயரும் உண்டல்லவா, பாய். கோரைப்பாய் வழுக்கும், அதனால் நின்று செய்யும் ஆசனங்களுக்கு ரப்பர் விரிப்பே நல்லது. சவாசனத்துக்கும் தியானத்துக்கும் பத்தமடைப் பாயை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் பரவியிருப்பது வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை. கூடுவாஞ்சேரியில் 1911-இல் பிறந்து, 2006 வரை வாழ்ந்தவர். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொள்ளாச்சிக்கு அருகே ஆழியாற்றில் இருக்கும் அறிவுத் திருக்கோயில்தான் அதன் தலைமையிடம். கைப்பயிற்சி, கால்பயிற்சி, கண்பயிற்சி, மகராசனம் என்று போகும் இவருடைய எளியமுறை உடற்பயிற்சி ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், உடம்பு வளையாதவர்களுக்கும் பொருந்தும். ஆசன அழகைத் தேடுபவர்களுக்குச் சப்பென்று இருக்கும். ‘வாழ்க வளமுடன்’ என்று வணக்கம் சொல்லும் மனவளக்கலை மன்றம் உங்கள் ஊரிலும் இருக்கக் கூடும். அங்கே கற்க முடிவதைத் தேடி மலையடிவாரத்துக்கு வர வேண்டியதில்லை.

மூன்றாவது வழி மருத்துவம். ஐந்தரை ஆண்டு யோகா, இயற்கை மருத்துவப் பட்டம் பெற்ற மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலும் இருக்கிறார்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் நடந்துவருகிறது. அங்கே சிறப்பு மருத்துவம் என்ற துறையில் வர்மமும் தொக்கணமும் யோகமும் சேர்ந்தே வரும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, முதுகுத்தண்டுச் சிக்கல் இருப்பவர்கள் முதலில் இவர்களில் ஒருவரைப் பார்த்துவிட்டு, பிறகு முகாமைத் தேடுங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. பயிற்சியாளர் ஆயுஷ் அமைச்சகத்தின் யோகா சான்றிதழ் வாரியத் தேர்வில் எந்த நிலையில் தேறியவர்? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? கூடம் மேற்கூரை உள்ளதா? சீசனில் மொட்டைமாடி வகுப்பு என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஈரத்தில் வழுக்கும், குரங்கும் வரும். எல்லாவற்றையும்விட, அவர் உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள். கர்ப்பமா, ஆபரேஷன் ஆனதா, குடலிறக்கம் உண்டா, கண்ணில் நீரழுத்தமா என்று விசாரிக்காமல் பணத்தை வாங்கிக்கொள்கிறவர் உங்களைத் தலைகீழாக நிறுத்தத் தகுதியற்றவர். ரத்தக்கொதிப்பு உள்ளவருக்குக் கபாலபதியும் சிரசாசனமும் கூடாது. மூட்டுவலிக்காரரை வஜ்ராசனத்தில் உட்கார வைக்கக் கூடாது. இதை நீங்கள் சொல்லும்போது ‘நம்பிக்கையோடு செய்யுங்கள், சரியாகிவிடும்’ என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தென்காசி வட்டாரத்தில் வீட்டுத் திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களுக்கும், மத்தளம்பாறை மென்பொருள் அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களுக்கும் சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உடம்பில் இருப்பது ஒரே வளைவு: கழுத்து முன்னே, தோள் உள்ளே, நடுமுதுகு கூன். இவர்களை முகாமில் உட்கார வைத்து மேலும் முன்னே குனியச் சொல்வதில் பயனில்லை. புஜங்காசனம், தோள்பட்டையைப் பின்னோக்கிச் சுழற்றுதல், சுவரில் முதுகை ஒட்டி நின்று கைகளை மேலே தூக்குதல், இந்த மூன்றும் போதும். வேலைக்கு நடுவே ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டு நிமிடம். இதற்கு முகாமும் வேண்டாம், விரிப்பும் வேண்டாம்.

அருவியும் ஆசனமும்

காலை ஐந்தரைக்கு எழுந்து, வெந்நீர் குடித்து, ஆறு முதல் ஏழரை வரை பயிற்சி. முடிந்ததும் அரை மணி நேரம் சும்மா இருந்துவிட்டு அருவிக்குப் போங்கள். குளிர்ந்த உடம்போடு ஆசனம் செய்தால் தசை பிடித்துக்கொள்ளும் என்பதால் இந்த வரிசை. மூச்சுப்பயிற்சி முடிந்த கையோடு தண்ணீரில் இறங்கக் கூடாது. வேகமாக மூச்சிழுத்து விட்ட பிறகு தலை லேசாகச் சுற்றும், அருவிப் பாறையில் அது ஆபத்து.

பேரருவி சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து வருகிறது. நடுவே பொங்குமாகடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து பொங்கி வருவதால்தான் அதன் கீழே நம்மால் நிற்க முடிகிறது. அப்படியும் கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் தலையை நேராகக் கொடுக்காதீர்கள். தோளில் வாங்கிக்கொள்ளுங்கள், ஓரத்தில் நில்லுங்கள். குளிர்ந்த நீர் பட்டதும் மூச்சு திணறி, ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இதயநோய் உள்ளவர்கள் காலையும் கையையும் முதலில் நனைத்துவிட்டு மெதுவாக உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் ஓரமாக நின்று சாரலை வாங்கிக்கொள்ளலாம். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களிடம் முதுகைக் கொடுப்பது உங்கள் விருப்பம். கழுத்தில் சொடுக்கு எடுக்க மட்டும் விடாதீர்கள்.

போலீசார் விசில் அடித்து வெளியேறச் சொன்னால் அந்த நொடியே வெளியேறுங்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். சீசனே தொடங்காத மே மாதம் அது. கீழே வெயிலடித்தாலும் மலைக்கு மேல் மழை பெய்திருக்கலாம். மலைமேல் இருக்கும் செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும் ‘காட்டுத் தியானம்’ என்று கூட்டிப்போவதாக யாராவது சொன்னால், வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

சாப்பாடு பற்றிச் சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் இரவு பத்து மணிக்குப் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டுவிட்டு மறுநாள் காலை ஆறு மணிக்குத் திரிகோணாசனம் செய்ய முடியாது. அந்தச் சாப்பாட்டை முகாம் முடிந்த இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ருசிக்கும். முகாம் நாள்களில் ஏழு மணிக்குள் இட்லியோ கஞ்சியோ. பகலில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் கிடைக்கும் காலம் என்றால் வேறென்ன வேண்டும்?

துணி காயாது. பருத்தி உடுப்பு கூடுதலாக இரண்டு செட் எடுத்துவாருங்கள், ஜீன்ஸ் வேண்டாம்.

இரண்டு பேருக்கு நடுவே

உறவைச் சீர்படுத்தும் முகாம் என்று கணவன் மனைவியாக வருகிறவர்கள் குற்றாலத்தில் முதலில் பார்ப்பது ஒரு வேடிக்கை. அருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். தம்பதியர் படத்தில் இருப்பதுபோல் சேர்ந்து நனைய வழியில்லை. கரையில் இன்னொரு காட்சியும் உண்டு. பை, செருப்பு, போன், உலர்ந்த துணி, ஒரு கைக்குழந்தை, எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். மற்றவர்கள் மூன்று முறை குளித்து முடிக்கும்போது அவளுக்கு நேரம் முடிந்திருக்கும். உறவு முகாமின் முதல் பாடத்தை அங்கேயே நடத்திவிடலாம்: பையை யார் வைத்திருப்பது? முறை போட்டுக்கொள்ளுங்கள். மனைவி முதலில் குளிக்கட்டும், ஆசைதீரக் குளிக்கட்டும். முகாம் அமைப்பாளரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். வகுப்பு நடக்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா? இல்லையென்றால் தியானம் செய்யப்போவது கணவர் மட்டும்தான்.

இந்த விஷயத்தை நேராகக் கையாண்டவர் வேதாத்திரி. தன் மனைவி லோகாம்பாளின் பிறந்தநாளான ஆகஸ்ட் 30-ஐ மனைவி நல வேட்பு நாளாக அறிவித்தார். அன்று மன்றங்களில் தம்பதியர் எதிரெதிரே உட்கார, மலரும் கனியும் கைமாறும், ஒருவரை ஒருவர் வாழ்த்துவார்கள். ஊரறிய மனைவியைப் பாராட்டக் கூச்சப்படும் நம் ஆண்களுக்கு இது சின்ன விஷயமல்ல. நாடகமாக இருக்கிறது என்று சிரிப்பவர்களும் உண்டு. அந்தக் கூச்சத்தை உடைக்க ஒரு சடங்கு உதவுகிறது என்பது என் எண்ணம். ஆனால் அவருடைய முறையில் இதைவிடக் கனமான பகுதி அகத்தாய்வு. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், நான் யார் என்று ஐந்து படி. சினம் தவிர்த்தலில் யார் மேல் எதற்காகக் கோபம் வருகிறது என்று தாளில் எழுதச் சொல்வார்கள். தாளில் எழுதிப் பார்த்தால் பாதிக் கோபம் நம்மைவிட வலிமை குறைந்தவர்கள் மேல்தான் வருகிறது என்பது தெரிந்துவிடும். மேலதிகாரி மேல் வந்த கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருப்போம்.

உடம்புக்கும் சண்டைக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் ஆய்வுக்கூடத்தில் தம்பதியரைப் பேசவைத்து அளந்து பார்த்தார். வாக்குவாதத்தில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது காதில் ஏறாது, உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்பது அவர் சொல்லும் கணக்கு. மூச்சுப்பயிற்சி உறவுக்கு உதவுவது இந்த இடத்தில்தான். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டினால் இதயத்துடிப்பு தணியும். நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே, மூக்கு வழியாக, ஐந்து நிமிடம். முகாமில் அமைதியாக இருக்கும்போது பழகிவைத்தால்தான் அடுப்படியில் குரல் உயரும்போது நினைவுக்கு வரும்.

அதனால் முகாமில் மூன்று வேலைகளை முடித்துக்கொள்ளுங்கள். முதலாவது, ஒரு நிறுத்தச் சொல். ‘பிறகு பேசுவோம்’ என்று ஒருவர் சொன்னால் இருவரும் அந்த இடத்தை விட்டு எழுந்துவிட வேண்டும். சொன்னவரே அரை மணி நேரத்தில் திரும்பி வந்து பேச்சை எடுக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதி இல்லையென்றால் அது பேசாமல் இருந்து பழிவாங்கும் கலைதான், அதில் நமக்குப் பயிற்சி தேவையில்லை. இரண்டாவது, முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் மூச்சு விடுவது. கண்ணைப் பார்க்கக் கூச்சப்படுகிற தம்பதியருக்கு இது சுலபம். அப்பாவும் பதினைந்து வயது மகனும்கூடச் செய்யலாம். மூன்றாவது, மூன்று நிமிடப் பேச்சு: ஒருவர் பேச, மற்றவர் குறுக்கிடாமல் கேட்டு, கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வது. தீர்ப்பு, ஆலோசனை, ‘ஆனா நீ’ எதுவும் கிடையாது. குற்றாலநாதர் கோயிலைச் சேர்ந்த சித்திர சபை வரை பேசாமல் நடந்துபோய், சுவர் ஓவியங்களைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் இதைச் செய்யலாம். பேரருவிப் பக்கத்தில் இருக்கும் கூட்டம் அங்கே இருக்காது.

பலர் சேர்ந்து இருக்கும் வகுப்பில் தொட்டுச் செய்யும் பயிற்சிகள் உண்டா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அந்நியரோடு ஜோடி சேர்க்கும் முகாமில் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மறுப்பவரை ‘மனம் திறக்காதவர்’ என்று கேலி செய்யும் குருவிடம் கற்க ஒன்றுமில்லை. சொந்த விஷயங்களைக் கூட்டத்தில் சொல்லி அழவைக்கும் முகாம்களையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். அழுதது நிம்மதி தரலாம், ஆனால் கேட்ட நாற்பது பேரும் ரகசியம் காப்பார்கள் என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது.

எப்போது வரக் கூடாது?

வீட்டில் அடி விழுகிறது என்றால் அதற்கு விடை தம்பதியர் தியானம் அல்ல. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, மகளிர் உதவி எண் 181 இருக்கிறது. ‘நீ பொறுமையாக இருந்தால் அவர் மாறுவார்’ என்று சொல்லிக்கொடுக்கும் முகாம், அடிப்பவருக்குத்தான் உதவுகிறது.

குற்றால அருவியில் குளித்தால் சித்தம் தெளியும் என்ற நம்பிக்கை பழையது. மனநோய் உள்ளவர்களை இங்கே கூட்டிவந்து நாள்கணக்கில் குளிக்கவைக்கும் பழக்கமும் உண்டு. குளிர்ந்த நீர் சிறிது நேரம் மனத்தை இலகுவாக்கும், மருந்தின் வேலையை அது செய்யாது. மாத்திரை சாப்பிடுகிறவர் முகாமுக்கு வரலாம், மாத்திரையோடு வர வேண்டும். மருந்தை நிறுத்தச் சொல்லும் பயிற்சியாளர் யாராக இருந்தாலும் அவரை நிறுத்திவிடுங்கள். தூக்கமின்மை, பதற்றம், வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் இருந்தால் டெலி-மானஸ் எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

வீடு திரும்பிய பிறகு

ஊருக்குக் கிளம்பும் முன்பே இருவரும் உட்கார்ந்து நேரத்தை முடிவு செய்யுங்கள். காலையா மாலையா, எந்த அறை, அந்த அரை மணி நேரம் காபி போடுவது யார், போன் எங்கே இருக்கும். முகாமில் கற்ற இருபது பயிற்சிகளில் நான்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் வழக்கப்படி ஒரு மண்டலம், 48 நாள். சுவரில் நாள்காட்டியில் குறித்துவாருங்கள். இடையில் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள், மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதில்லை. மண்டலம் முடியும்போது பாதி நாள்கூடச் செய்யவில்லை என்று தெரிந்தால், அடுத்த சாரலுக்கு இன்னொரு முகாமுக்கு முன்பணம் கட்டாதீர்கள். உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் வாரம் ஒருமுறை நடக்கும் வகுப்பில் சேருங்கள். குற்றாலத்துக்குக் குளிக்க மட்டும் வாருங்கள்.